ஆகாயச் சீட்டும் அவசரப் பிரயாணியும்

சிக்கனத்தைப் போதிப்பவர்கள் எக்காலத்திலும் குறைந்திருந்ததில்லை. அரிசியில் சிக்கனம், மண்ணெண்ணெயில் சிக்கனம், கலியாணச் செலவில் சிக்கனம் என்று பாட்டன்மார் காலந்தொட்டுக் கேட்டுவந்த உபதேசங்களின் வரிசையில் இப்பொழுது ஆகாய விமானப் பிரயாணத்திலும் சிக்கனம் என்பது வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்பே சீட்டை வாங்கிவிடு என்கிறார்கள். வெள்ளியும் ஞாயிறும் புறப்படாதே, செவ்வாயிலும் புதனிலும் புறப்படு என்கிறார்கள். பண்டிகைக் காலத்தை விலக்கு, பெட்டியின் பாரத்தைக் குறை, ஓர் ஊரிலிருந்து விலை அதிகமானால் அடுத்த ஊரிலிருந்து ஏறு என்கிறார்கள். இவற்றுள் எதுவும் பொய்யான யோசனை அன்று. கொழும்பிலே மாதச் சம்பளம் வாங்கி, ஆண்டு லீவை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும் உத்தியோகத்தர் பலர் இவற்றால் பயனடைந்திருக்கிறார்கள். ஆனால் டிக்கோயாவிலே இருந்துகொண்டு இவற்றைக் கேட்கும்பொழுது, இந்த யோசனைகள் யாருடைய வாழ்க்கையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு ஆகாய விமானச் சீட்டைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் ஒரு நாள் காலையில் அட்டன் நகரத்துப் பிரயாண முகவர் கடைகளின் வாசலில் வந்து நின்று பார்க்கவேண்டும். வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போகும் பெண்கள், மாலையணிந்து சபரிமலைக்குப் புறப்படும் பக்தர்கள், திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நீலகிரியிலும் உள்ள சொந்தக்காரரைக் காணப் போகிறவர்கள் என்று பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்தவர்கள் அங்கே நிற்பார்கள். இவர்களில் பலருக்கு வெளிநாட்டுப் பிரயாணம் ஓர் உல்லாசம் அன்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு இரண்டு அரசாங்கங்களும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கீடு தலைகளை எண்ணிச் செய்யப்பட்டதே அல்லாமல் குடும்பங்களை எண்ணிச் செய்யப்பட்டதன்று. அண்ணன் கோத்தகிரியிலும் தங்கை நோர்வூட்டிலுமாகப் பிரிந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டாயின. அந்த அண்ணனைத் தங்கை ஒருமுறை பார்ப்பதற்குத்தான் இன்று விமானச் சீட்டு வேண்டியிருக்கிறது.

முன்னே இந்தப் பிரயாணத்துக்கு வேறு வழி இருந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் இரயிலும் கப்பலும் மறுபடி இரயிலுமாகக் கொழும்புவரை வந்து சேரலாம். மலைநாட்டுக்காரர் பொல்காவலையில் இறங்கி மலையேறும் வண்டியைப் பிடிப்பார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவ்வழியேதான் போனார்கள். அட்டன் நிலையத்தில் அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் வைத்த பெயரை இன்றும் முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். 1980களின் நடுவில், நாட்டின் யுத்தம் காரணமாக அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

அந்தப் பழைய வழியைப் பொற்காலம் என்று நான் வருணிக்கப் போவதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையொன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் நம்முடைய முன்னோர் பலர் இக்கரைக்கு வந்தார்கள். வில்லை இருந்தால் வழியில் கட்டணம் கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். அதற்கு முன்னும் பின்னும் கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறிற்று. வழிச்செலவு இல்லாமல் வந்தவன் வழிச்செலவை அடைப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்த விந்தையை வேறெங்கும் காண்பது அரிது. ஆயினும் பிற்காலத்தில், தன் சொந்தக் காசில் ஊருக்குப் போய்வந்தவனுக்கு அந்த இரயில்–கப்பல் சீட்டில் ஒரு நியாயம் கிடைத்தது. மூன்றாம் வகுப்புக்கு என்ன கட்டணமோ அதுதான் கட்டணம். மூன்று மாதம் முன்னே வந்தவனுக்கும், தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவனுக்கும் ஒரே விலை.

ஆகாய விமானத்திலும் ஆதியில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. எயார் சிலோன் நிறுவனம் 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் விமானத்தை ஓட்டிய காலத்தில், உலகத்து விமான நிறுவனங்கள் தங்களுடைய சங்கத்தின் மூலம் கூடிப் பேசிக் கட்டணத்தை நிர்ணயித்து வந்தன. கட்டணம் அதிகம், ஆனால் நிலையானது. 1970களில் இந்த ஏற்பாடு உடையத் தொடங்கிற்று. 1977ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், வெகுநாள் முன்னதாகச் சீட்டை வாங்குவோருக்கு மட்டும் பெரிய தள்ளுபடி என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு லேக்கர் என்ற ஆங்கிலேயர் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே மலிவு விமானத்தை விட்டார்; 1982இல் அது முறிந்துபோயிற்று. 1978இல் அமெரிக்க அரசாங்கம் கட்டண நிர்ணயத்திலிருந்து விலகிக்கொள்ளச் சட்டம் இயற்றியது. பின்னர்க் கணக்குப் பொறிகள் வந்தன. அன்றிலிருந்து ஒரே விமானத்தில் அடுத்தடுத்த ஆசனங்களில் இருக்கும் இருவர் ஒரே விலை கொடுத்திருப்பது தற்செயல் என்றாகிவிட்டது.

இதன் உட்கிடையை நமக்குப் பழக்கமான ஒரு பொருளைக்கொண்டு விளக்கலாம். நுவரெலியாவிலிருந்து வரும் லீக்ஸ் அட்டன் சந்தையில் காலையில் ஒரு விலைக்கு விற்கிறது. மாலையாகும்போது வாடத் தொடங்குகிறது. வியாபாரி விலையைக் குறைத்துத் தள்ளிவிடுகிறான். விமானத்தின் ஆசனமும் வாடும் பொருள்தான். விமானம் தரையை விட்டு எழும்பியபின் காலி ஆசனத்துக்கு ஒரு சதமும் கிடையாது. அப்படியானால் கடைசி நேரத்தில் அதன் விலை குறையவேண்டும் அன்றோ? குறைவதில்லை, பெரும்பாலும் ஏறுகிறது. ஏனெனில் லீக்ஸ் வாங்கக் கடைசியில் வருபவன் மலிவைத் தேடி வருகிறான். விமானத்துக்குக் கடைசியில் வருபவன் போயே தீரவேண்டியவன். அவசரமாக ஓடிவரும் வர்த்தகனிடம், அவனுடைய கம்பெனி கொடுக்கும் பணத்தை வாங்கவேண்டும்; ஆறுதலாக வரும் உல்லாசப் பிரயாணியை மலிவைக் காட்டி இழுக்கவேண்டும். இந்த இருவரையும் வேறுபடுத்துவதற்காகக் கட்டிய வேலிதான் முன்பதிவு என்பது.

வர்த்தகனுக்காக விரித்த வலையில் அகப்படுகிறவர் யார் என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும். நாமக்கல்லில் தமையன் கண்ணை மூடிவிட்டான் என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி வருகிறது. விடிந்ததும் லயத்திலிருந்து ஒருவர் புறப்படவேண்டும். கணக்குப் பொறிக்கு அவர் கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்க்கிறவர் என்று தெரியாது. சாவீட்டுக்குப் போகிறார் என்றும் தெரியாது. நாளைக்கே போகவேண்டும் என்கிறாரா, அப்படியானால் இவர் ஒரு பெரிய வர்த்தகர் என்று அது எண்ணிக்கொள்கிறது. மேல்நாடுகளில் ஏர் கனடா போன்ற சில நிறுவனங்கள் இழவுக்குப் போவோருக்கென்று ஒரு சலுகைக் கட்டணத்தை வைத்ததுண்டு. நம்முடைய கடலைத் தாண்டும் ஒரு மணி நேரப் பிரயாணத்தில், கரைக்குக் கரை சாவும் வாழ்வும் பின்னிக் கிடக்கின்ற இந்த வழியில்தான், அது மிகவும் தேவை.

“பஸ்ஸுக்கு நேத்து ஒரு விலை இன்னைக்கு ஒரு விலைன்னா கேப்பாங்களா ஐயா? இதுக்கு மட்டும் எப்படி?” என்று ஒரு முதியவர் என்னைக் கேட்டார். லீக்ஸ் உபமானத்தை அவருக்கும் சொல்லிப் பார்த்தேன். “அப்ப அவசரத்துக்குத்தான் வெலையா?” என்று திருப்பிக் கேட்டார். அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முன்பதிவு செய்யலாமே என்றால், முன்பதிவுக்கு முன்பணம் வேண்டும். தோட்டத்துத் தொழிலாளியின் கையில் ஒரு தொகை சேர்ந்தாற்போல வந்து விழும் காலம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: தீபாவளி முற்பணம் கொடுக்கும் காலம். பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும் கடன்தான் அது. என்றாலும் கையில் தாளாக இருக்கும் பணம். அந்தப் பணம் வரும் வாரமும், தமிழ்நாட்டுக்குப் போகும் விமானங்களின் விலை உச்சிக்கு ஏறும் வாரமும் ஒன்றாக இருப்பதை என்னவென்று சொல்வது! ஐப்பசியில் போகவேண்டியவன் ஆடியிலே சீட்டை வாங்கவேண்டும் என்பது சாத்திரம். ஆடியிலே அவனிடம் இருப்பது கடைக்காரனின் பற்றுக் கொப்பி.

பெட்டியின் பாரத்தைக் குறைக்கும் யோசனையும் இத்தகையதே. மலிவு விமானங்களில் சீட்டு வேறு, பெட்டிக்குக் கட்டணம் வேறு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை அக்காள் வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போக முடியுமா? ஐந்து வீட்டுக்கு ஐந்து பொதி தேயிலைத் தூளாவது வேண்டும். திரும்பி வரும்போது சேலையும் வேட்டியும் பித்தளைக் குடமும் வரும். பெட்டிக்கான கட்டணத்தை வீட்டிலிருந்தே சீட்டோடு சேர்த்துக் கட்டினால் குறைவு. விமானக் கூடத்தின் தராசில் வைத்தபின் கட்டினால் அதிகம். இந்த ஒரு செய்தி தெரியாமல் கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்து, தேயிலையை எடுத்து, கொண்டுவிட வந்தவர் கையில் கொடுத்தனுப்பிய காட்சியை நான் கண்டிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய நட்டம் பெயரில் நேர்கிறது. தோட்டங்களில் பிறப்பைப் பதிந்தவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். முத்தம்மாள் ஓரிடத்தில் முத்தம்மா ஆனாள். தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முன்னும் ஒரு பத்திரத்தில் பின்னும் நின்றது. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியதில் எழுத்துகள் உருமாறின. அடையாள அட்டையைப் பார்த்து முகவர் சீட்டை எழுதுகிறார். கடவுச்சீட்டில் வேறு விதமாக இருக்கிறது. திருத்தத்துக்குக் கட்டணம்; சில மலிவுச் சீட்டுகளில் திருத்தமே கிடையாது, புதிதாக வாங்கவேண்டும். சீட்டை வாங்குமுன் கடவுச்சீட்டின் எழுத்தையும் சீட்டின் எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தல், செவ்வாய் புதன் பார்ப்பதைக் காட்டிலும் நம்மவர்க்கு அதிக இலாபம் தரும். அவ்வாறே, அவசரம் வருமுன்பே கடவுச்சீட்டை எடுத்து வைத்திருத்தலும். 2022ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதை நாடு கண்டது. டிக்கோயாவிலிருந்து போய் நின்றவர்களுக்கு இரண்டு நாள் கூலியும் போயிற்று.

வளைகுடாவுக்குப் போகும் பெண்களின் கதை வேறு. முறைப்படி பதிவு செய்துகொண்டு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போகிறவளுக்குப் போகவும் வரவும் சீட்டு வழக்கமாக எசமானுடைய பொறுப்பு. அவள் சிக்கனம் செய்யவேண்டியதில்லை. ஆனால் உல்லாசப் பிரயாணி விசாவில் அனுப்பப்பட்டவளுக்கும், ஒப்பந்தம் முடியுமுன் உடல்நலிவாலோ கொடுமையாலோ திரும்புகிறவளுக்கும் சீட்டுச் செலவு அவளுடைய தலையில் விழுகிறது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது விமான நிலையம் மூடப்பட்டு, வேலையும் இழந்து அங்கே தங்கிப்போனவர்கள், வீட்டிலிருந்து கடன் வாங்கி அனுப்பச் சொல்லிச் சீட்டுக்குக் கட்டிய பணத்தை இன்னும் பல குடும்பங்கள் மறக்கவில்லை. சம்பாதிக்கப் போனவளுக்கு வீட்டிலிருந்து பணம் போவது பழைய கங்காணிக் கணக்கையே நினைவூட்டுகிறது.

இந்த மலைகளில் விமானச் சீட்டை மலிவாக வாங்கக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டமும் உண்டு. அது சபரிமலைக் கூட்டம். குருசாமிக்கு மண்டல பூசை எந்தத் திகதியில் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். ஆடி ஆவணியிலிருந்தே சாமிமாரிடம் சிறுகச் சிறுகச் சேர்க்கத் தொடங்குகிறார். பத்துப் பேருக்கு மேற்பட்டால் விமான நிறுவனங்கள் கூட்டத்துக்கென்று தனி விலை பேசும். ஒருவர் கடைசியில் வரமுடியாவிட்டால் பெயரை மாற்றவும் சில வேளைகளில் இடங்கொடுக்கும். பெண்கள் லயங்களில் சீட்டுப் பிடிக்கிறார்கள். மாதம் ஒருத்திக்குத் தொகை விழுகிறது. அந்தச் சீட்டையும் இந்தச் சீட்டையும் ஒன்றாக முடிந்து, ஊர் பார்க்கப் போகும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து குருசாமியைப் போலச் செய்தால் என்ன? செத்த வீட்டுக்கு இது உதவாதுதான். ஆயினும் எடுப்புக்குப் போய்ச் சேர முடியாதவர்கள், பதினாறாம் நாள் கருமாதிக்கு என்று திகதி வைத்துக்கொண்டு புறப்பட்டால் விலை பல வேளைகளில் வெகுவாக இறங்குகிறது. முகத்தைக் கடைசியாகப் பார்க்கவேண்டும் என்பவளிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழாது.

நாம் செய்துகொள்ளக்கூடிய சிக்கனம் இவ்வளவே. இதற்கு மேல் உள்ளது அரசாங்கம் செய்யவேண்டிய சிக்கனம். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் பிரயாணி ஒவ்வொருவரிடமும், சீட்டின் விலையோடு சேர்த்து ஏறுவரி ஒன்று அறவிடப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் அது 60 அமெரிக்க டொலராக இருந்துவந்திருக்கிறது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 18,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், விமானத்தின் படியில் கால் வைக்கும் உரிமைக்கு மட்டும் பதின்மூன்று நாள் கொழுந்து பறிக்கவேண்டும். இலண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறப்பவரும் 60 டொலர். திருச்சியில் ஒரு மணி நேரத்தில் இறங்குகிறவரும் 60 டொலர். பிரித்தானியாவும் விமானப் பிரயாணிகளிடம் வரி வாங்குகிறது. ஆனால் 2009ஆம் ஆண்டிலிருந்து தூரத்துக்கேற்றபடி அதைப் பகுத்து வைத்திருக்கிறது. உயர்ந்த வகுப்பில் போகிறவரிடம் அதிகமாகவும் வாங்குகிறது. அந்த நாட்டின் முறைகளை எத்தனையோ விஷயங்களில் பின்பற்றிய நாம் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? பிரயாணம் தவறிப்போனால், பறக்காதவரிடம் வாங்கிய வரியைக் கேட்டுத் திரும்பப் பெறுவதற்குப் பல நிறுவனங்களில் வழியுண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். சீட்டின் பணம் போனாலும் வரியின் பணம் போகவேண்டியதில்லை. கேட்பவர்கள் வெகு சிலர்.

மற்றது வழியைப் பற்றியது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பிலே வெசாக் விழாவில் பேசும்பொழுது, கொழும்பிலிருந்து வாரணாசிக்கு நேரே விமானம் விடப்படும் என்று அறிவித்தார்; தமிழ் மக்களும் காசி விசுவநாதரைத் தரிசிக்கலாம் என்று மகிழ்ந்தார். அன்றே அவர் ஹெலிகொப்டரில் இங்கே வந்து, நோர்வூட்டில் பெருங்கூட்டத்தில் பேசி, டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடத்தையும் திறந்துவைத்தார். வைத்தியசாலை நல்ல வைத்தியசாலை, அதற்கு நன்றி. காசியைப் பற்றியும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்றவர்களின் உறவினர் காசியில் இல்லை.

வடக்கிலே நிலைமை முன்னேறியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிற்று. 2025ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானமும் வந்தது. அடுத்த ஊரிலிருந்து ஏறு என்ற யோசனையைப் பின்பற்றி டிக்கோயாக்காரர் ஒருவர் பலாலிக்குப் போகவேண்டுமானால், கண்டி, மாத்தளை, வவுனியா, கிளிநொச்சி என்று ஒரு முழு நாளைப் பஸ்ஸில் கழிக்கவேண்டும். கட்டுநாயக்காவுக்கோ நாலைந்து மணி நேர வான் பிரயாணம். கொண்டுவிடக் குடும்பமே வருமென்றால் வான் கூலி சீட்டின் விலையோடு போட்டி போடும். இத்தனைக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில், பங்களாக்களில் தங்க வரும் வெள்ளைக்காரரை இறக்கிவிடும் சிறு விமானங்கள் தண்ணீரில் வந்து இறங்குவதைக் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்ததுண்டு.

டிக்கோயாவுக்கு இயல்பான வழி பழைய வழியேதான். யுத்தத்தில் அழிந்த தலைமன்னார் இரயில் பாதை திருத்தப்பட்டு, 2015ஆம் ஆண்டு மார்ச்சில் இதே இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் அட்டனில் ஏறிப் பொல்காவலையில் மாறி, தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் இரயிலிலேயே போக முடிந்தது. எதிர்க்கரையில் பாம்பனிலே 2025 ஏப்பிரலில் புதிய பாலமும் திறக்கப்பட்டு, இராமேசுவரம் வரை இரயில் வருகிறது. இரண்டு பக்கமும் தண்டவாளம் கடலைத் தொட்டு நிற்கிறது. இடையில் ஓடவேண்டிய கப்பலைப் பற்றி இரண்டு அரசாங்கங்களும் பலமுறை பேசியிருக்கின்றன. அந்தக் கப்பலின் சீட்டுக்கு, முன்னே வந்தவனுக்கும் பின்னே வந்தவனுக்கும் ஒரே விலை வைக்கும்படி, பேச்சு நடக்கும்போதே நம்முடைய பிரதிநிதிகள் கேட்டுவைக்கவேண்டும்.